நோட்டீஸ் அண்ணையும் ஸ்கொட்லாந்து அன்னதானமும்

நான் பார்த்த மனிதர்களில் அச்சடித்த எழுத்துக்கு நோட்டீஸ் அண்ணையைப் போலப் பயந்தவர் வேறு ஒருவரும் இல்லை. சிலர் கடவுளுக்குப் பயப்படுவார்கள், சிலர் பொலிசுக்கு. பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் முக்கால்வாசிப் பேர் விசா கொடுக்கும் பிரெஃபெக்தூர் அலுவலகத்தில் இருந்து வரும் கடிதத்துக்குப் பயப்படுவார்கள். அண்ணை பயந்தது "சரியாக மாலை 4 மணிக்கு" என்ற ஒரு வரிக்கு.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. கேட்கவேண்டும் என்று தோன்றியதும் இல்லை. பாரிஸுக்கு வெளியே பொண்டியில் வீடு. முப்பது வருடம் ஒரு ரெஸ்டோரண்டில் பிளோஞ், அதாவது பாத்திரம் கழுவுகிற வேலை. ஓய்வு பெற்ற மறுநாள் காலை ரயிலேறி லா சப்பலுக்கு வந்து, ஒரு கையில் கத்தரிக்கோலும் மறு கையில் டேப் சுருளுமாக நின்றாராம். கோயில் தேர், மாதா பெருநாள், அரங்கேற்றம், பெண் பிள்ளை பெரியவளானால் வைக்கும் சாமத்திய வீடு, எதுவானாலும் கடைக் கண்ணாடிகளில் நோட்டீஸ் ஒட்டுவது அவர்தான். யாரும் அவரை நியமிக்கவில்லை. யாராலும் அவரை நிறுத்தவும் முடியவில்லை.

ஒட்டுவதற்கு முன் விசாரணை நடக்கும். நோட்டீஸ் கொண்டுவந்தவர் குற்றவாளி மாதிரி நிற்க, அண்ணை ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக் கேட்பார்.

"இவர் பிரதம விருந்தினர் எண்டு போட்டிருக்கு. வாறன் எண்டவரோ?"

"ஓம் அண்ணை, வருவார்."

"வருவாரோ, வாறன் எண்டவரோ? ரெண்டும் வேறை. ஃபோனைப் போட்டுத் தாரும், நான் கதைக்கிறன்."

கதைத்தும் இருக்கிறார். பிரதம விருந்தினர்கள் இரண்டு பேர் அவருடைய குரலைக் கேட்டுப் பயந்து நேரத்துக்கு வந்ததாகக் கதை.

ஸ்தேன் என்ற புறநகரில் ஒரு அரங்கேற்றம். நான்கு மணிக்கு மங்கள விளக்கேற்றல் என்று அச்சிட்டிருந்தது. நான்கு மணிக்கு மண்டபத்தில் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அண்ணை. மற்றவர் மாலி நாட்டுக்காரரான மண்டபக் காவலாளி. அண்ணை கடிகாரத்தைப் பார்த்தார், காவலாளியைப் பார்த்தார், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் ஐந்து திரியையும் ஏற்றவைத்துவிட்டார். ஆறு மணிக்கு மாலையும் கழுத்துமாக வந்த பிரதம விருந்தினரிடம், "விளக்கு ஏத்தியாச்சு. நீங்கள் இருக்கலாம்" என்றாராம். காவலாளி முன்வரிசையில் உட்கார்ந்து கடைசிவரை ஆட்டம் பார்த்துவிட்டுத்தான் போனார்.

"நோட்டீஸ் பேப்பர் இல்லை, தங்கச்சி" என்று என்னிடம் சொல்வார். "அது நாங்கள் குடுக்கிற வாக்கு. டேப் போட்டு ஒட்டின வாக்கு."

நான் அப்போது ரூ லூயி-பிளாங் தெருவில் விமான டிக்கெட் போடுகிற கடை ஒன்றில் வேலை. டிக்கெட் இல்லாத நேரத்தில் தமிழில் நோட்டீஸ் தட்டச்சுச் செய்து கொடுப்பேன். அப்படித்தான் அண்ணைக்கு நான் தங்கச்சியானேன். அப்படித்தான் இந்த வில்லங்கத்திலும் மாட்டினேன்.

அண்ணைக்கு ஒரே மகள். பாரிஸில் பிறந்து, ஆட்டு மாட்டு வைத்தியம் படித்து, ஸ்கொட்லாந்தின் வடக்கே ஒரு கிராமத்தில் வேலைக்குப் போய்விட்டாள். அந்த ஊரின் பெயர் அண்ணையின் வாயில் கடைசிவரை அடங்கவில்லை. "பிள்ளையின்ரை ஊர்" என்பார்.

"பாரிசிலை ஒரு ஆடும் இல்லை, தங்கச்சி. இவளுக்கு எங்காலை ஆடு பிடிச்சது?"

தகப்பன் தமிழில் பேசுவார், மகள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். சாப்பிட்டியோ, குளிரோ என்பதற்கு மேல் பேச்சு நகராது. ஆனால் மாதம் ஒருமுறை அவள் தன் ஊர் மண்டபத்தில் நடக்கவிருக்கும் நிகழ்ச்சிகளின் பட்டியலைப் படம் எடுத்து அனுப்புவாள். தகப்பனுக்கு நோட்டீஸ் பிடிக்கும் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். அண்ணை அதை எடுத்துக்கொண்டு என்னிடம் ஓடி வருவார். நான் ஆங்கிலத்தை வாசித்துச் சொல்ல, அவர் தமிழில் சொல்ல, நான் தட்டுவேன். பதினொரு கடைக் கண்ணாடிகளில் அது ஏறிவிடும்.

ஆறு மாதத்தில் லா சப்பலே அந்தக் கிராமத்தைக் கரைத்துக் குடித்துவிட்டது. மீன் வாங்க வந்தவர்கள், "இந்த மாசம் அங்கை கம்பளி நூல் நூக்கிற போட்டியாம்" என்று பேசிக்கொண்டார்கள். ஒருவர் என்னிடம் வந்து, "பொண்டியிலையிருந்து பஸ் விடுவினமோ?" என்று கேட்டார். பகிடி இல்லை, உண்மையாகத்தான் கேட்டார்.

பிறகு இலையுதிர்காலத்து விழாவின் பட்டியல் வந்தது. ஊரின் பழைய புகைப்படங்களின் கண்காட்சி, சாந்து இல்லாமல் கல்மதில் கட்டிக் காட்டுவது, வயலின் இசை, அந்த நாட்டுப் பழைய மொழிப் பாடல்கள், முடிவில் காற்றுப்பை வைத்து ஊதும் பைக்குழல் வாத்தியம். அண்ணை நெகிழ்ந்துபோய் எழுந்து நின்றுகொண்டே சொன்னார். "முன்னோர் திருவுருவப்படக் கண்காட்சி. போடு. கல்மதில் கட்டும் அரிய கலை விளக்கம். போடு. மங்கல இசை. போடு." கடைசியில் மூச்சு விடாமல், "விழா முடிவில் அனைவருக்கும் அன்னதானம் வழங்கப்படும்" என்றார். நானும் தட்டிவிட்டேன். எங்கள் நோட்டீஸ்கள் அந்த வரியில்தான் முடியும். அவருடைய நாக்குக்கும் என் விரலுக்கும் அது பழகிப்போன ஒன்று. பட்டியலில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று இருவரும் பார்க்கவே இல்லை.

பார்த்தவர் ஒரு புதுச்சேரி மதாம். அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். கிறிஸ்துமசுக்குப் புதுச்சேரி போக டிக்கெட் கேட்டு வந்தவர், வாசல் கண்ணாடியில் மூக்கை வைத்து வாசித்துவிட்டு உள்ளே வந்தார்.

"ஏங்க, ஸ்காட்லாந்துல அன்னதானம்னு போட்டிருக்கே. அங்க யாருங்க சமைக்கிறது?"

அண்ணை மூலையில் டேப்பின் நுனியைத் தேடிக்கொண்டு இருந்தார். தேடிய விரல் அப்படியே நின்றது. நான் கணினியில் அந்த ஆங்கிலப் பட்டியலைத் திறந்தேன். மேலிருந்து கீழே பார்த்தேன். கீழிருந்து மேலே பார்த்தேன். தேநீரும் கேக்கும் இருந்தன. அன்னதானம் இல்லை.

"கிழிச்சுப்போட்டு வேறை ஒட்டுவம் அண்ணை" என்றேன்.

"கிழிக்கலாம். வாசிச்ச கண்ணை என்ன செய்யிறது?"

"அதுக்கென்னங்க, இங்கேர்ந்து யாரு அங்க போய்ப் பாக்கப் போறா?" என்றார் மதாம்.

"ஒருத்தரும் போய்ப் பாக்காட்டிலும் அது பொய்தானே அம்மா." அண்ணை எழுந்தார். "தங்கச்சி, ரெண்டு டிக்கெட் போடு."

"ஏன் ரெண்டு?"

"ரைப் அடிச்சது ஆர்? பாதிப் பொய் உன்ரை."

ஸ்தேனில் ஒரு சமையல்காரரிடம் கிடாரம் இரவல் வாங்கினோம். ஒரு ஆட்டுக்குட்டியை உள்ளே நிறுத்திக் குளிப்பாட்டலாம், அவ்வளவு பெரிய பாத்திரம். பிரான்சில் இருந்து லண்டனுக்குள் பாலும் இறைச்சியும் கொண்டுபோகக்கூடாது என்று நான் எச்சரித்தேன். "அன்னதானத்துக்கு ஆர் இறைச்சி போடுறது?" என்று என்னைத்தான் ஒரு மாதிரிப் பார்த்தார். நெய்யை மட்டும் மனமில்லாமல் விட்டுவிட்டு வந்தார்.

கார் து நோர் ரயில் நிலையத்தில், லண்டன் ரயிலுக்குப் போகிறவர்களின் சாமான்களைச் சோதிக்கும் இயந்திரத்தின் வாய்க்குள் கிடாரம் நுழையவில்லை. அதிகாரி ஒருவர் வந்து உள்ளே தலையை விட்டுப் பார்த்தார். உள்ளே அரிசிப் பையும் பருப்புப் பையும். "இதில் யாருக்கு ஐயா சமைக்கப் போகிறீர்கள்?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

"ஒரு ஊருக்கு" என்றார் அண்ணை.

அந்தப் பதிலில் இருந்த நிமிர்வைப் பார்த்தோ என்னவோ, அதிகாரி தானே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி உள்ளே வைத்தார். லண்டனில் ரயில் மாறினோம். அங்கிருந்து வடக்கே போகப்போக மலைகள் வந்தன, ஏரிகள் வந்தன, மனிதரைவிடச் செம்மறிகள் கூடின. அண்ணை கிடாரத்தை மடியில் வைத்திருந்தார். அந்த வழி முழுவதையும் அவர் அதன் விளிம்புக்கு மேலால்தான் பார்த்தார். ஒரு விஷயத்தை என்னிடம் அங்கேதான் மெல்லச் சொன்னார்.

"நான் கிடாரம் கழுவியிருக்கிறன், தங்கச்சி. ஆயிரம் தரம் கழுவியிருக்கிறன். சமைச்சதில்லை."

மறுநாள், வெள்ளிக்கிழமை மதியம் பஸ் எங்களை அந்தக் கிராமத்தில் இறக்கியது. முழங்கால் வரை சேற்றுச் சப்பாத்தோடு மகள் நின்றாள். தகப்பன் வருகிறார் என்பதே அவளுக்கு முதல் நாள்தான் தெரியும். கிடாரம் வருவது அதுவரை தெரியாது.

"பப்பா! செ குவா, சா?" இது என்ன என்று கேட்டாள்.

"அன்னதானம், பிள்ளை. நோட்டீஸ் அனுப்பினனான். நீ பெருவிரல் காட்டினனி."

அவள் ஃபோனை எடுத்துப் பார்த்தாள். அவர் அனுப்பிய தமிழ் நோட்டீசின் படத்துக்குக் கீழே அவள் போட்ட பெருவிரல் நிமிர்ந்து நின்றது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். எந்த வரிக்குச் சம்மதம் சொன்னோம் என்று பார்க்காமலே அழுத்திய விரல்.

அந்த ஊர் மண்டபத்தின் பொறுப்பாளர் எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. பனை மாதிரி உயரம், கையில் ஓர் அட்டை, அட்டையில் நிகழ்ச்சி நிரல், நிரலின் பக்கத்தில் ஒரு பென்சில். மகள் அவரிடம் விஷயத்தைச் சொல்லும்போது அவள் குரல் சின்னப் பிள்ளையின் குரலாகிவிட்டது. ஊரே அந்த அம்மாவுக்குப் பயம் என்று பிறகுதான் அறிந்தோம்.

அந்த அம்மா கிடாரத்தையும் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. அட்டையைத்தான் பார்த்தார். "இது அச்சாகிவிட்டது. அச்சில் இல்லாத ஒன்று என் மண்டபத்தில் நடக்காது" என்றார்.

நான் அதைத் தமிழில் சொன்னேன். அண்ணை என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்தது.

"தங்கச்சி, இவ ஆர்? இவ எங்கட ஆளெல்லோ!"

இப்படி ஒரு மனுஷி உலகத்தில் இருக்கிறார் என்ற பிரமிப்பில் ஒரு நிமிடம் நின்றார். அடுத்த நிமிடம் முகம் வாடிப் பக்கத்தில் இருந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். அவர் பகலில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. எப்போதும் நின்றுகொண்டு இருப்பவர்.

"அவ சொல்லுறது சரி. அச்சிலை இல்லை. என்னெண்டு நடத்திறது? வா, போவம். பதினொரு கண்ணாடியிலையும் பொய் ஒட்டினவன் எண்டு என்ரை காலம் முடியட்டும்."

எனக்குப் பொறுக்கவில்லை. "அச்சிலை இருக்கு அண்ணை. எங்கட அச்சிலை இருக்கு" என்று கைப்பையில் இருந்த தமிழ் நோட்டீசை எடுத்து அந்த அம்மாவின் அட்டைமேல் வைத்தேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தமிழ் எழுத்தை ஒவ்வொன்றாக, பூச்சி பார்ப்பதுபோலப் பார்த்தார். எண்களுக்கு வந்ததும் பென்சில் நின்றது.

"இது எங்கள் தேதி."

"ஆம்" என்றேன்.

"இரண்டு மணி, ஐந்து மணி. எங்கள் நேரம். இது எங்கே ஒட்டப்பட்டது?"

"பாரிஸில். பதினொரு கடைகளில்."

"உள்ளேயா, தெருவைப் பார்த்தா?"

"தெருவைப் பார்த்து."

அந்த அம்மா நோட்டீசை இன்னொருமுறை மேலிருந்து கீழே பார்த்தார். தெருவில் அறிவித்துவிட்டு நடத்தாமல் விடுவதை நினைத்துப் பார்த்தபோது அவர் உடம்பு ஒருமுறை நடுங்கியது என்றே சொல்வேன். பிறகு தீர்ப்பு வந்தது. சமையலறை கேக் செய்கிற பெண்களுக்கு எழுதப்பட்டது, ஆகவே சமையல் வெளியே. சாப்பாடு ஐந்து மணிக்கு, ஐந்து ஒன்றுக்கு அல்ல. முக்கியமாக, எந்த அறிவிப்பும் நடப்பதற்கு முன் மேடையில் வாசிக்கப்பட வேண்டும், அச்சிட்ட மொழியிலேயே. அதற்குப் பிறகு அவர் உட்கார்ந்து அறுபது நிகழ்ச்சி நிரலிலும் பென்சிலால் ஒரு வரி சேர்த்தார். அண்ணை பக்கத்தில் நின்று ஒவ்வொரு தாளாக எடுத்துக் கொடுத்தார். இருவருக்கும் ஒரு பொதுமொழி இல்லை. தேவையும் இருக்கவில்லை.

சனிக்கிழமை காலை மழை பக்கவாட்டில் பெய்தது. மண்டபத்தின் பின்னால் ஒரு விவசாயி காஸ் அடுப்பும் தார்ப்பாயும் கொண்டுவந்து கூரை போட்டார். மகள் கன்று இழுக்கும்போது போடுகிற, தோள்வரை வருகிற கையுறை ஒரு சோடி கொடுத்தாள். அண்ணை அதைப் போட்டுக்கொண்டு அரிசி கழுவினார். தூரத்தில் இருந்து பார்த்தவர்கள் அரிசிக்கு ஏதோ பிரசவம் என்று நினைத்திருப்பார்கள். உள்ளூர் வெண்ணெயை உருக்கி நெய்யாக்கினோம். ஒரே கிடாரம் என்பதால் சோறு, பருப்பு, பூசணி, கரட் எல்லாம் ஒன்றாக வெந்தன.

சிக்கல் உப்பில் வந்தது. அன்னதானச் சோற்றைப் பரிமாற முன்னம் ருசி பார்க்கக்கூடாது என்பது அண்ணையின் சட்டம். முதன்முதலாகச் சமைக்கிற மனிதர், எண்பது பேருக்கு, உப்புப் பார்க்காமல்! விவசாயி உதவியாக ஒரு கரண்டி எடுக்கப் போனார். அண்ணை அகப்பையால் தட்டிவிட்டார். பிறகு குனிந்து ஆவியை மோந்து பார்த்தார்.

"உப்புக் காணும், போதும்" என்றார்.

"மணத்திலை உப்புத் தெரியுமோ அண்ணை?"

"முப்பது வருசம் அடிச்சட்டி மணந்தவனுக்குத் தெரியும்."

இரண்டு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது அவர் அகப்பையோடு மண்டபத்தின் பின்கதவில் வந்து நின்றார். உள்ளே ஊர் முழுவதும் இருந்தது, ஈரக் கோட்டும் நாயுமாக. மேடையில் ஒரு கிழவர் வயலினைத் தாடைக்குக் கீழே வைத்திருந்தார். சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள் பன்னிரண்டில் விழுந்தது. வில் நரம்பில் விழுந்தது.

"தொடங்கீட்டினம்" என்றார் அண்ணை. "தங்கச்சி, ரெண்டு மணிக்குத் தொடங்கீட்டினம்!"

கையுறை போட்ட இரண்டு கைகளையும் தலைக்கு மேலே குவித்தார். கண்ணால் தண்ணீர் ஓடியது. "இப்பிடி ஒரு ஊர் இருக்கு எண்டு இவ்வளவு காலமும் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

அன்று மத்தியானம் முழுவதும் அவர் கிடாரத்துக்கும் கதவுக்குமாக ஓடினார். வெளியில் சாந்து இல்லாமல் அடுக்கிய மதிலைத் தள்ளிப் பார்த்தார். அது அசையவில்லை. மன்னிப்புக் கேட்பதுபோல அதைத் தொட்டுக் கும்பிட்டார். ஒரு பெண் எழுந்து பழைய மொழியில் பாடியபோது பொருள் தெரியாமலே தலையை ஆட்டினார். நான்கரைக்குப் பைக்குழல் ஊதினார்கள். கூரை அதிர்ந்தது, நாய்கள் எழுந்து நின்றன. அண்ணைக்கு வாய் மூடவில்லை. "சுருதி உள்ளுக்கையே இருக்கு, தங்கச்சி. ஒத்து ஊத வேறை ஆளே தேவையில்லை!"

ஐந்துக்கு ஐந்து நிமிடம். மண்டபத்து அம்மா மேடைக்கு வந்து அட்டையைப் பார்த்தார். தமிழ் நோட்டீசை நீட்டினார். நான் வாங்க முன்வந்தேன். அவர் தலையை ஆட்டினார். "இந்த ஊர் ஆள்தான் இந்த மேடையில் அறிவிக்கலாம்" என்றார்.

நோட்டீஸ் மகளின் கையில் இருந்தது.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியை இரண்டாம் வகுப்போடு விட்டவள் அவள். பின்கதவில் நின்ற அண்ணை, "அவளுக்குத் தெரியாது தங்கச்சி, அவளை விடச் சொல்லு" என்று கெஞ்சினார். வாசிக்காவிட்டால் அறிவிப்பு இல்லை. அறிவிப்பு இல்லாவிட்டால் அன்னதானம் இல்லை. கடிகாரத்தில் மூன்று நிமிடம் இருந்தது.

அவள் தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தாள்.

"வி... ழா" என்றாள். "மு... டி... வில்." மூச்சு எடுத்தாள். ஒவ்வொரு எழுத்தையும் குளிர் தண்ணீரில் கால் வைப்பதுபோல வைத்து வைத்துப் போனாள். "அனை... வருக்கும்." அந்த இரண்டு சுழி னகரமா மூன்று சுழி ணகரமா என்று ஒரு நொடி நின்றாள். "அன்ன... தானம்." ஊரே அவளோடு சேர்ந்து மூச்சைப் பிடித்தது. "வழங்க... வழங்கப்... படும்."

கைதட்டினார்கள். கடிகாரம் ஐந்தைக் காட்டியது. மண்டபத்து அம்மா பென்சிலால் ஒரு சரி போட்டார்.

எண்பது பேரும் நீள வாங்குகளில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மகள் ஒரு வாளியோடு முன்னே போனாள், விவசாயி நெய்யோடு பின்னே போனார். உப்புக் கொஞ்சம் குறைவுதான். அந்த ஊருக்கு மிளகாய் புதிது என்பதால் ஒருவரும் கவனிக்கவில்லை. மண்டபத்து அம்மா இரண்டாம் தரம் வாங்கினார். அது நிரலில் இல்லாத செயல் என்று மகள் என் காதில் பிரெஞ்சில் சொன்னாள்.

அண்ணையைக் காணவில்லை. தேடிப் பின்பக்கம் போனேன். மழை விட்டிருந்தது. அவர் வெறுங் கிடாரத்துக்குள் இடுப்புவரை குனிந்து அடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அடியில் ஒன்றும் பிடித்திருக்கவில்லை. ஏற்கெனவே பளபளவென்று இருந்தது. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"கேட்டனியோ? ஒரு எழுத்தும் பிழைக்கேல்லை."

"கேட்டனான் அண்ணை."

"எப்ப படிச்சவளோ!"

அவர் முகத்தை வெளியே எடுக்கவில்லை. நானும் எடுக்கச் சொல்லவில்லை. ஒரு துணியை நனைத்துக்கொண்டு மற்றப் பக்கத்தால் தேய்க்கத் தொடங்கினேன். அந்த மனிதரோடு நிற்பதற்கு அந்த நேரத்தில் உலகத்தில் அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.